பொறுப்புள்ள பிள்ளை

பொறுப்பில்லாதவர்களைப் பற்றி நம்மவர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். பொறுப்புள்ளவர்களைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. பயமாக இருக்க வேண்டும். அதிலும் அண்மையில் தோன்றி, மழை விட்டதும் கிளம்பும் ஈசல் போலப் பெருகி, பெருநகரங்களை நிறைத்தது போக மிச்சம் தாலுகா ஊர்கள்வரை வந்துவிட்ட ஓர் இனம் இருக்கிறது. இயந்திரங்களுக்குப் பொறுப்புக் கற்றுக்கொடுக்கும் இளம் ஆய்வாளர் இனம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு மாநாட்டில் இலவசமாகக் கொடுத்த பனியன், இன்னொரு மாநாட்டில் கொடுத்த தோள்பை, எந்த மாநாட்டிலும் கொடுக்காத ஒரு கவலை முகம். நாம் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "இதனால யாருக்கெல்லாம் பாதிப்பு வரும்னு யோசிச்சீங்களா?" என்று கேட்பார்கள். வெயில் அதிகம் என்று சொல்லிப் பாருங்கள். எதோடு ஒப்பிட்டு அதிகம், அளந்தது யார், அளந்தவருக்கு அதில் என்ன ஆதாயம்? மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிடும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதில் கைகட்டி நிற்கும் படம் ஒன்று உண்டு. படத்துக்குக் கீழே, "எனது ஆர்வங்கள்: பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு, மனிதரும் இயந்திரமும் உறவாடும் விதம்" என்று எழுதியிருக்கும். மனிதரும் மனிதரும் உறவாடும் விதம்? அது அந்தப் பக்கத்தில் இருக்காது.

செஞ்சிக்கு வாய்த்தவன் பெயர் அஜிதன். கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் அப்பாண்டைராஜின் ஒரே மகன். பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். சிறுநகரத்து மக்கள் செயற்கை நுண்ணறிவை எவ்வளவு நம்புகிறார்கள், எதற்கெல்லாம் நம்புகிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்களா, ஒரு கண்ணையாவது திறந்து வைத்திருக்கிறார்களா என்று ஆராய்வதற்காகச் சொந்த ஊருக்கே வந்து இறங்கியிருந்தான். சாப்பாடு வீட்டில் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம். அதை ஆய்வு முன்மொழிவில் எழுதவில்லை.

வந்த நாளிலிருந்து அவன் மாடி அறையில் உட்கார்ந்து எழுதினான். "மனிதக் கண்காணிப்பு இல்லாமல் ஓடும் தானியங்கி அமைப்புகளின் ஆபத்து" என்ற பகுதியை அவன் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்த காலையில், நிறுத்தச் சொல்லியிருந்த தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தான். தலைக்கு மேலே தொட்டி நிரம்பி, மொட்டை மாடியெல்லாம் ஓடி, பக்கத்து வீட்டில் காயவைத்திருந்த வடகத்தின் மேல் அருவியாக விழுந்தது. பக்கத்து வீட்டு மங்கை அம்மாள் தெருவில் நின்று பேசிய பேச்சில் கண்காணிப்பு என்ற சொல் வரவில்லை, கருத்து அதுதான்.

"பொறுப்பப் பத்தித்தான் படிக்கிறானாம்," என்றார் அப்பாண்டைராஜ், மண்டிக்கு வந்தவர்களிடம். "படிக்கட்டும். ஒடம்புல சத்து இல்லாதவன்தான டானிக் குடிக்கணும்?"

ஆய்வுக்கு அஜிதன் பேட்டி எடுத்தவர்களில் அவனுக்கு மிகவும் வேண்டியவன் இனியன். பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒருவன் முட்டி போட்டால் மற்றவனும் சேர்ந்து முட்டி போட்ட சிநேகம். இப்போது செஞ்சி கோர்ட்டில் வக்கீல். சிவப்பு புல்லட்டில் அவன் வருவது காந்தி பஜாரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்கும். பேட்டிக்கு முன்னால் அஜிதன் நாலு பக்க ஒப்புதல் படிவத்தை நீட்டினான். இனியன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டான். வக்கீல் படிக்காமல் போடலாமா என்று கேட்காதீர்கள். நண்பன் நீட்டும் தாளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு நண்பர்கள் இருக்க மாட்டார்கள்.

பேட்டியில் இனியன் ஒரு விஷயம் சொன்னான். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவனுடைய மனைவி மோனிகா செவிலியர். சென்னையில் ஒரு பெரிய பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த வீட்டில், "அதெல்லாம் அவ போகமாட்டா" என்று அவளைக் கேட்காமலே இவன் சொல்லிவிட்டான். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பனமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கைபேசியில் இருக்கும் இயந்திரத்திடம் கேட்டான். அது எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பினான். மறுநாள் அவள் திரும்பி வந்துவிட்டாள். பயிற்சிக்கும் போய் வந்தாள். இனியன் அந்தச் செய்தியையும் கைபேசியில் எடுத்துக் காட்டினான்.

"யார்ட்டயும் சொல்லிடாதடா," என்றான் இனியன்.

"சேச்சே. இதெல்லாம் ரகசியத் தரவு," என்றான் அஜிதன்.

அவன் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். இந்த இனத்தாருக்கு ரகசியம் என்றால் பெயரை மாற்றுவது. அவன் மாற்றினான்.

அந்த ஆடியில், ஊர் வாசகர் வட்டம் அவனைப் பேச அழைத்தது. கடைத்தெருவில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. வட்டத்தின் தலைவர் செந்தமிழன் "நம் மண்ணின் மைந்தர்" என்று தொடங்கி, வந்தவர்களில் பாதிப்பேர் கொட்டாவி விடும்வரை வரவேற்றார். இனியன் கோர்ட் முடிந்ததும் வந்திருந்தான். "எங்க அஜி பேசறான்" என்று மோனிகாவையும் இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தான்.

தொடக்கத்தில் கூட்டம் தூங்கியது. இயந்திரத்தை நம்புவதில் எத்தனை வகை என்று அஜிதன் விளக்க விளக்க, மின்விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்டது. சொந்த ஊரில், சொந்த அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் முன்னால் தோற்பதைப் போல ஒரு தோல்வி உண்டா? அப்போதுதான் திரையில் ஏழாவது பங்கேற்பாளர் வந்து விழுந்தார்.

"ஆண். வழக்குரைஞர். கோட்டை உள்ள ஒரு சிறுநகரம். பெயர் கனியன், அடையாளம் காக்கும்பொருட்டு மாற்றப்பட்டுள்ளது."

பின்வரிசையில் பத்திரம் எழுதும் செல்லப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அஜிதன் அதைக் கவனித்தான். ஆள் விழித்துவிட்டார்! உற்சாகம் தாங்காமல், சிலைடில் இல்லாத ஒன்றையும் சேர்த்தான்.

"இவரு புல்லட்ல போவாரு, கோர்ட்ல கர்ஜிப்பாரு. ஆனா பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்க மட்டும் மெஷின்கிட்ட போவாரு!"

சிரிப்பு வெடித்தது. "நம்ம கோர்ட்டுல புல்லட்டு வெச்சிருக்கற வக்கீலு யாருப்பா?" என்று ஒரு குரல் கேட்டது. "முன்னாடிதான் குந்திகினு இருக்காரு," என்றது இன்னொரு குரல். அஜிதன் காதில் சொற்கள் விழவில்லை, சிரிப்பு மட்டும்தான் விழுந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டம் அவன் சொன்னதற்குச் சிரிக்கிறது. அவன் குரலை ஏற்றி இறக்கி, இயந்திரம் எழுதிக் கொடுத்த மன்னிப்பையே படித்துக் காட்டினான்.

"'உன் மௌனத்தின் மொழியை இப்போதுதான் வாசிக்கக் கற்றுக்கொள்கிறேன். இது வெறும் மன்னிப்பு அல்ல. இது ஒரு புதிய தொடக்கம்.'"

கைதட்டல். அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசும் ஓசை. மோனிகா எழுந்து நின்றாள். கணவனை ஒரு தடவை பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, யார் காலையும் மிதிக்காமல், மெதுவாகப் படியிறங்கிப் போனாள்.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் இனியன் காத்திருந்தான்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?"

"பேர மாத்திட்டனேடா."

"கனியன். இனியன மாத்தி கனியன்." இனியனின் குரல் உயரவே இல்லை. "என் வீட்டு எருமமாடு கூட கண்டுபுடிக்கும்டா."

இந்த இடத்தில் அஜிதன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்ன வார்த்தைதான். ஆனால் அவனுக்குள் இருந்த ஆய்வாளன் முந்திக்கொண்டான்.

"நீ ஒப்புதல்ல கையெழுத்துப் போட்டிருக்க மச்சி. மூணாவது பக்கத்துல தெளிவா இருக்குது."

இனியன் அவனையே பார்த்தான். பிறகு இறங்கிப் போய்விட்டான். அடித்திருந்தால் தேவலாம் என்று அஜிதனுக்குப் பல தடவை தோன்றியது, அன்றைக்கில்லை, பிறகு.

மறுநாள் மண்டியிலிருந்து அப்பாண்டைராஜ் சாப்பிட வந்தவர் தட்டில் கை வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பனமலைக்குப் போய்ட்டாளாம். ஊரே சிரிக்குது. கோர்ட்டாண்ட போனா அந்தப் பையன கனியன், கனியன்னு கூப்புடறானுங்களாம். எதிர்க்கட்சி வக்கீலு கூட."

"நான் அப்படி நெனச்சு செய்யல நைனா."

"நெனச்சு செஞ்சாத்தான் தப்பா? போய் மன்னிப்புக் கேளு."

"கேக்கறேன்."

கேட்கத்தான் போனான், மாடிக்கு. மடிக்கணினியைத் திறந்தான். உணர்ச்சிவசப்பட்டு எழுதினால் ஒரு சொல் தவறிப் போய்ப் பாதிப்பு இன்னும் கூடலாம். முதலில் ஒரு வரைவு தயாரிப்பதுதான் பொறுப்பான வழி என்று தனக்குத்தானே விளக்கினான். யாரிடம் விளக்கினாலும் அவனுக்கு விளக்கம் நன்றாக வரும். "தங்கை போன்ற ஒரு பெண்ணின் மனத்தைப் புண்படுத்திவிட்டேன், பணிவாக ஒரு மன்னிப்பு எழுது" என்று தட்டினான். வந்தது. இயந்திரம் தருவதைச் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது என்று முதல் நாள் மாலை ஊரைக் கூட்டிச் சொன்னவன், அதில் கண்ணை ஓட்டக்கூட இல்லை. அப்படியே மோனிகாவுக்கு அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"'இது வெறும் மன்னிப்பு அல்ல. இது ஒரு புதிய தொடக்கம்'னு நீங்களும் சொல்லிட்டீங்களா அண்ணா? இந்த வருசத்துல எனக்கு ரெண்டு புதிய தொடக்கம். போதும்."

அஜிதன் தான் அனுப்பியதை அப்போதுதான் படித்தான். அந்த வரி, ஒரு புள்ளி மாறாமல், கடைசியில் உட்கார்ந்திருந்தது. காது மடல்கள் சுட்டன. அறையில் யாரும் இல்லை. இருந்தும் மடிக்கணினியை மூடிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான்.

பனமலைக்குப் பஸ் ஏறினான். ஏரிக்கரை வளைவில் கோயில் குன்று தெரிந்ததும் இறங்கிவிடலாமா, அப்படியே விழுப்புரம் போய்ப் பெங்களூருக்கு ரயில் பிடித்துவிடலாமா என்று யோசித்தான். நடத்துநர் "பனமல, பனமல" என்று கத்தியதால் இறங்கினான்.

வாசலில் மோனிகாவின் அம்மா நாகம்மாள் நின்றிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"ஏம் தம்பி, எங்க மருமகன் அனுப்பன லெட்டர தெருவுக்கே படிச்சுக் காட்ட வெச்சனே நானு. 'பாருங்கடி, மௌனத்தோட மொழின்னு எழுதி இருக்காரு, உங்க வூட்டு ஆம்பளைங்களும் இருக்கறாங்களே'ன்னு சொன்னனே. இப்ப அது மிஷினு எழுதனதுன்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்லுவேன்?"

மோனிகா உள்ளேயிருந்து வந்து ஒரு ஸ்டூலைப் போட்டாள். அவள் முகம் வீங்கியிருந்தது.

"அந்த மெசேஜ நம்பித்தான் அண்ணா நான் திரும்பிப் போனேன். என் மேல இவ்ளோ நெனப்பு இருக்குதான்னு. யாருமே எழுதாத ஒண்ண நம்பி போயிருக்கறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அதுகிட்ட அவரு இன்னான்னு கேட்டாரு? உங்ககிட்ட சொல்லி இருப்பாருல்ல."

சொல்லியிருந்தான். அஜிதனுக்கு நன்றாக நினைவிருந்தது. வாயைத் திறந்தான்.

"அது பங்கேற்பாளரோட தனிப்பட்ட தரவும்மா…"

"மைக்குல பேசறப்ப அது தரவு இல்லியா?"

பாருங்கள், விதி எப்படி விளையாடுகிறது! சொல்லக் கூடாத இடத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னவனுக்கு, சொன்னால் ஒரு குடும்பம் ஒட்டிக்கொள்ளும் என்கிற இடத்தில் நாக்கு எழவில்லை. ஆனால் இந்தத் தடவை அது விதிமுறைக்குப் பயந்து வந்த தயக்கமில்லை. இன்னொரு முறை இனியனுடைய சொல்லை அவன் இல்லாத இடத்தில் எடுத்துப் பரிமாற முடியாது என்று அவனுக்குப் பட்டது.

"நான் சொல்லக் கூடாது மோனிகா. அவனையே கேளு. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டான். நீ கூப்பிட்டா எடுப்பான்."

அவள் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். கைபேசியைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும். பின்னால் கோர்ட் வளாகத்தின் இரைச்சல்.

"அன்னைக்கு அது இன்னா எழுதிக் குடுத்துச்சுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் மோனிகா. "நீ அதுகிட்ட இன்னா கேட்ட? அத மட்டும் சொல்லு. அம்மாவும் அஜிதண்ணாவும் இருக்கறாங்க, ஸ்பீக்கர்ல இருக்குது."

இரைச்சல் மெல்லக் குறைந்தது. அவன் எங்கோ ஓரமாக நடந்து போகிறான் போலிருந்தது.

"'ஜட்ஜ் முன்னாடி பேசறேன், இவ முன்னாடி வாய் வரல. தப்பு என் மேலதான்'னு போட்டேன். 'டிபன் பாக்ஸ கூட எடுக்காம போய்ட்டா, அது அடுப்பு மேடை மேலயே இருக்குது, பாக்க முடியல'ன்னு போட்டேன். 'அவ இல்லாம வூடு வூடா இல்லன்னு சொல்லணும், ஆனா கெஞ்சற மாதிரி இருக்கக் கூடாது. கொஞ்சம் கெஞ்சினாலும் பரவால்ல'ன்னு போட்டேன்."

நாகம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அத அப்படியே எனக்கு அனுப்பி இருக்கலாமில்ல?" என்றாள் மோனிகா.

"ஸ்பெல்லிங்கெல்லாம் தப்பா இருந்துச்சு மோனி."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அஜிதனுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. "வந்து கூட்டினு போ," என்றாள். "மெசேஜ் ஒண்ணும் போடாத. வந்தா போதும்." கைபேசியை வைத்துவிட்டு அஜிதன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வாயால இன்னும் மன்னிப்பு கேக்கல அண்ணா."

அஜிதன் எழுந்து நின்றான். "என்னோட செயலால உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்ப நான் முழுமையா…" என்று தொடங்கினான். அவள் கையை உயர்த்தினாள். நிறுத்தினான். வேறு எந்த வாக்கியமும் வரவில்லை. பிறகு, கேட்க அழகாக இல்லாத ஒன்று தானாக வந்தது.

"எல்லாரும் தூங்கினு இருந்தாங்க மோனிகா. இவனப் பத்தி சொன்னதும் சிரிச்சாங்க. எனக்கு நல்லா இருந்துச்சு. முன்னாடி நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கன்னு தெரிஞ்சேதான் படிச்சேன். வுட மனசு வரல. தப்புதான்."

நாகம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து ஸ்டூலின் மேல் வைத்தாள். குடி என்று சொல்லவில்லை. அவன் குடித்தான்.

சாயங்காலம் இனியன் வந்து மனைவியை அழைத்துப் போனான். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த அஜிதனைத் தாண்டித்தான் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. பல வாரங்களுக்குப் பேசவும் இல்லை.

அந்த வாரங்களில் அஜிதன் ஒரு காரியம் செய்தான். கட்டுரையிலிருந்து ஏழாவது பங்கேற்பாளரை முழுவதுமாக எடுத்துவிட்டான். அவனுடைய பேராசிரியருக்கு அந்தக் கட்டுரையில் பிடித்திருந்ததே ஏழாவது பங்கேற்பாளர்தான். எடுத்ததும் கட்டுரை உப்பில்லாத கூழாகிவிட்டது என்றார். மாநாட்டுக்காரர்களும் அப்படியே நினைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவன் முதன்முதலாகப் பொறுப்போடு செய்த காரியம் இதுதான். பரிதாபம் என்னவென்றால், அதைப் போட்டுக்கொள்ள அவனுடைய இணையப் பக்கத்தில் ஓர் இடம் இல்லை.

தீபாவளி நெருக்கத்தில் ஒரு நாள் இனியனே கூப்பிட்டான். சௌக்கியம் விசாரிக்கவில்லை.

"டேய், மோனிகாவுக்குப் பொறந்தநாள் வருது. இன்னாடா எழுதறது?"

அஜிதனுக்குத் தலைகால் புரியவில்லை. நண்பன் திரும்பி வந்துவிட்டான்! நிறைய யோசித்து, மிகுந்த பொறுப்போடு, "உன் மனசுல இருக்கறத எழுதுடா," என்றான்.

"அது தெரிஞ்சா உன்ன ஏன்டா கேக்கறேன்?" என்று வைத்துவிட்டான் இனியன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்கும் இந்த இனத்துக்கும் என்ன சம்பந்தம், நாம் அரிசிக் கடை வைத்திருக்கிறோம், அல்லது அரசாங்க உத்தியோகம் பார்க்கிறோம் என்று நினைக்கிறீர்கள். சரிதான். போன மாதம் உங்கள் மைத்துனர் புதுமனை புகுந்தபோது நீங்கள் அனுப்பினீர்களே ஒரு வாழ்த்து, அதை எடுத்து ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள். "கனவுகள் கூடு கட்டும் இல்லம்" என்று அதில் ஒரு வரி வருகிறது. கூடு, கனவு எல்லாம் உங்கள் வாயில் இதற்கு முன் எப்போதாவது புழங்கியதுண்டா? போகட்டும். மைத்துனர் அப்படியே உருகிப்போய், "தங்கள் அன்பின் ஆழம் எங்களை நெகிழச் செய்கிறது" என்று பதில் போட்டிருக்கிறாரே, அதைப் படித்து உங்களுக்குக் கண்கூடக் கலங்கியதே, அந்த மனிதர் இத்தனை வருடங்களில் உங்களை எப்போதாவது "தாங்கள்" என்று அழைத்திருக்கிறாரா?